வாங்குகிறவனுக்குப் பெயர் இல்லை: தாய்லாந்தின் பாலியல் சுற்றுலாவும் சொற்களின் அரசியலும்

1

1993ல் லாங்மன் பதிப்பகத்தின் ஆங்கில மொழி - பண்பாட்டு அகராதி பாங்காக் என்ற பெயருக்குக் கொடுத்திருந்த விளக்கம் தாய்லாந்தில் பெரிய கொந்தளிப்பை உண்டாக்கியது. கோயில்களுக்கும் அழகிய கட்டடங்களுக்கும் பேர்போன ஊர் என்று சொல்லிவிட்டு, விலைமாதர் நிறைய இருக்கிற இடமாகவும் அது அடிக்கடி குறிப்பிடப்படுகிறது என்கிற மாதிரி ஒரு வாலையும் அகராதிக்காரர்கள் ஒட்டியிருந்தார்கள். அரசாங்கம் கண்டித்தது. ஆர்ப்பாட்டம் நடந்தது. அகராதிக்குத் தடை வந்தது. பதிப்பகமும் திருத்துவதற்கு ஒப்புக்கொண்டது. பிரச்சினை தீர்ந்துபோச்சு. பட்பொங் தெருவில் மட்டும் அன்றைக்கு ராத்திரியும் வழக்கம்போல எல்லா விளக்கும் எரிந்தது.

இந்தச் சம்பவத்தை இரண்டு விதமாக வாசிக்கலாம். ஒன்று, கீழைத்தேயம் முழுவதையும் ஒரு பெண்ணுடலாகவே பார்க்கப் பழகிய காலனியக் கண்ணின் வேலை இது, அகராதி என்கிற 'நடுநிலையான' பிரதிக்குள்ளேயும் அது புகுந்துகொண்டது என்பது. மற்றது, உள்ளதைத்தானே சொன்னான், கண்ணாடியைத் திருப்பி வெச்சா முகம் மாறிடுமா என்பது. இரண்டிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டுமே அந்த வாக்கியத்தின் இலக்கணத்தைக் கவனிக்கவில்லை. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு எங்கே போனாலும் எழுவாய் எது, பயனிலை எது என்று தேடுகிற புத்தி போகாது. அதனால் கேட்கிறேன். 'குறிப்பிடப்படுகிறது' என்றால் யாரால்? பார்த்துவிட்டு வந்து ஊருக்குச் சொன்னவன் யார்? 'இருக்கிறார்கள்' என்றால் எப்படி? தென்னை மரம் நிறைய இருக்கிற ஊர், யானை நிறைய இருக்கிற காடு என்கிற மாதிரி அந்த மண்ணில் தானாக முளைத்தவர்களா? அகராதி எழுவாயை ஒளித்துக்கொண்டது. எதிர்த்தவர்களும் அதைத் தேடவில்லை. 'எங்கள் பெண்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை' என்று சொன்னார்களே ஒழிய, 'உங்கள் ஆண்கள் இங்கே எதுக்கு வர்றாங்க' என்று யாரும் அகராதிக்காரனிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

பாலியல் சுற்றுலாவைப் பற்றிய சொல்லாடல் முழுவதிலும் இந்த இலக்கணம்தான் செயல்படுகிறது. விற்கிறவளுக்கு ஏகப்பட்ட பெயர்கள். வாங்குகிறவனுக்குப் பெயரே கிடையாது. கடையை ஏற்பாடு செய்துகொடுத்த ராணுவம், அரசாங்கம், வங்கி இவர்களும் வாக்கியத்துக்குள் வருவதில்லை. இதன் விளைவு வெறும் மொழி சம்பந்தப்பட்டது அல்ல. விபச்சாரத்தின் சமூகத் தீமைகள் என்று நாம் போடுகிற பட்டியலே இந்த இலக்கணத்தால்தான் உருவாகிறது. நோய் பரவுகிறது, பண்பாடு சீரழிகிறது, குடும்பம் குலைகிறது, நாட்டின் மானம் போகிறது - எல்லாமே அந்தப் பெண்ணின் உடம்பிலிருந்து கிளம்பி வெளியே பரவுகிற தீமைகள். அவளுக்கு நேர்கிற தீமை பட்டியலின் கடைசியில், பரிதாபம் என்கிற பேரில் வரும். எழுவாயை மாற்றிப் போட்டால் பட்டியலே மாறிவிடும் என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

2

தாய்லாந்துக்குப் போவதற்கு முன்னால் நம் சொற்கிடங்கை ஒருமுறை திறந்து பார்த்துவிடுவோம். இதைப் பற்றித் தமிழில் எழுதுகிறவன் தமிழ்ச் சொற்களால்தானே எழுத வேண்டியிருக்கிறது.

பரத்தை, கணிகை, தாசி, வேசி, விலைமகள், பொதுமகள், வரைவின் மகளிர். இன்னும் அச்சில் ஏற்ற முடியாதவை எத்தனையோ. இவற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் என்ன இருக்கிறது? சங்க இலக்கியத்தில் பரத்தையிற் பிரிவு என்று ஒரு துறையே இருக்கிறது. பிரிந்து போகிறவன் ஆண். ஆனால் போனபிறகும் அவன் தலைவன்தான், ஊரன்தான், மகிழ்நன்தான். அந்தத் துறையின் முழுச் சுமையும் தலைவியின் ஊடல்மேல் ஏறுகிறது. அடுத்தபடியாகப் பரத்தையின் பேச்சின்மேல் ஏறுகிறது. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் ஏசிக்கொள்ள, அவன் வாயிலில் நிற்கிறான். திருக்குறளுக்கு வந்தால் 92ஆம் அதிகாரத்தின் பெயர் வரைவின்மகளிர். அறிவுரை சொல்லப்படுவது என்னவோ ஆணுக்குத்தான். தலைப்பு மட்டும் அவள்மேல். இதே திருக்குறள் 15ஆம் அதிகாரத்தில் 'பிறனில் விழையாமை' என்று ஆணின் செயலுக்கே பெயர் வைக்கிறது. அங்கே மட்டும் ஏன் என்று யோசித்தால், அங்கே பறிபோவது இன்னொரு ஆணின் உடைமை. உடைமைக்காரன் இல்லாத இடத்தில் வாங்குகிறவன் மேல் குற்றமும் இல்லை, பெயரும் இல்லை.

இது ஏதோ பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. நம் மாலைப் பத்திரிகைகளைப் பாருங்க. 'விபச்சார அழகிகள் கைது', 'அழகிகள் மீட்பு'. கைதானாலும் அழகி, மீட்கப்பட்டாலும் அழகி. கூடவே படம் வரும், முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு. அந்த அறைக்குள் இருந்த ஆண்கள் 'வாலிபர்கள் சிலர் தப்பியோட்டம்' என்று கடைசி வரியில் ஓடிப்போயிருப்பார்கள். அவர்களுக்குத் தப்பி ஓடுவதற்கான கதவை மொழியே திறந்துவைத்திருக்கிறது.

3

அமெரிக்கக்காரன் வந்து கற்புள்ள ஒரு தேசத்தைக் கெடுத்துவிட்டான் என்பது ஒரு சௌகரியமான கதை. உண்மை அப்படி இல்லை. தாய்லாந்தில் அடிமைமுறை 1905ல் சட்டப்படி முடிவுக்கு வந்தது. எஜமானர்களை விட்டு வெளியே வந்த பெண்களில் பலருக்குப் போக்கிடம் இல்லை. 1908ல் தொற்றுநோய்த் தடுப்பு என்ற பெயரில் ஒரு சட்டம் வந்து, விபச்சார விடுதிகளைப் பதிவு செய்து வரி வாங்கியது. விடுதி வாசலில் பச்சை விளக்கு தொங்கும். உள்ளூர் ஆண்களும், வேலை தேடி வந்த சீனக் கூலிகளும் அங்கே போனார்கள். நோய்த் தடுப்புச் சட்டம் என்றால் யாருடைய நோயைத் தடுப்பது? போகிறவனுக்கு நோய் வராமல் தடுப்பது. சோதனை செய்யப்பட்டது அவள் உடம்பு மட்டும்தான். பின்னாளில் வந்த எல்லாவற்றுக்கும் முன்மாதிரி இதிலேயே இருக்கிறது.

1960ல் சரித் தனராத் என்கிற ராணுவ சர்வாதிகாரி விபச்சாரத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தார். பெண்ணுக்குத் தண்டனை, பிறகு சீர்திருத்த இல்லம். தரகனுக்கும் விடுதிக்காரனுக்கும் தண்டனை. வாடிக்கையாளனுக்கு ஒன்றுமில்லை. ஆறு வருஷம் கழித்து, 1966ல், இன்னொரு சட்டம். கேளிக்கை இடங்கள் பற்றியது. மதுக்கூடம், நடன விடுதி, மசாஜ் நிலையம் இவற்றுக்கு உரிமம் வழங்குகிற சட்டம். ஒரு சட்டம் விபச்சாரத்தை இல்லாமல் ஆக்குகிறது. இன்னொன்று அதற்குக் 'கேளிக்கை' என்று பெயர் சூட்டி, விற்பனை செய்கிறவளை 'சேவை' செய்கிறவளாக்கி, உரிமம் தருகிறது. முரண்பாடு மாதிரித் தெரியும். முரண்பாடே இல்லை. சட்டவிரோதமாக இருப்பதால் அவள் எங்கும் புகார் சொல்ல முடியாது. உரிமம் இருப்பதால் முதலாளிக்கு வியாபாரம் நடக்கும். இரண்டு சட்டமும் சேர்ந்துதான் ஒரு முழுமையான ஏற்பாடு ஆகிறது. நடுவில் போலீஸ்காரனுக்கு மாமூல்.

அடுத்த வருஷம், 1967ல், வியட்நாமில் சண்டை போடுகிற அமெரிக்கச் சிப்பாய்கள் விடுமுறைக்குத் தாய்லாந்து வந்துபோக ஒப்பந்தம் கையெழுத்தானது. உதோன், உபோன், கோராட், உ-தபாவ் என்று ஏற்கெனவே அமெரிக்க விமானதளங்கள் அந்த நாட்டில் இருந்தன. உச்சகட்டத்தில் அங்கே தங்கியிருந்த அமெரிக்கப் படையினர் மட்டும் ஐம்பதாயிரத்தைத் தொட்டார்கள். உ-தபாவுக்குப் பக்கத்தில் இருந்த மீன்பிடி கிராமம் பட்டாயா. அது என்ன ஆனது என்று சொல்லத் தேவையில்லை. 'மியா சாவ்' என்று ஒரு சொல் தாய் மொழியில் புழக்கத்துக்கு வந்தது. வாடகை மனைவி என்று பொருள். வாடகைக்கு எடுத்தவனைக் குறிக்க என்ன சொல் வந்தது? புதுசாக ஒன்றும் வரவில்லை. வெள்ளைக்காரனைப் பொதுவாகக் குறிக்கிற 'ஃபராங்' என்ற பழைய சொல்லே போதுமானதாக இருந்தது.

1976ல் கடைசிச் சிப்பாயும் கிளம்பினான். கட்டில், மதுக்கூடம், தரகு, போலீஸ், கடனில் மூழ்கிய குடும்பங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. ஆள் மட்டும் வேண்டும். சுற்றுலாப் பயணி வந்தான். சிப்பாய்களோடு ஒப்பந்தம் போட்ட காலத்தில் அமெரிக்காவின் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் ராபர்ட் மக்னமாரா. 1968லிருந்து 1981 வரை உலக வங்கியின் தலைவர் அவர்தான். அந்த வங்கி ஏழை நாடுகளுக்குச் சொன்ன யோசனைகளில் ஒன்று, அந்நியச் செலாவணி வேண்டுமா, சுற்றுலாவை வளருங்கள் என்பது. இதில் சதி ஒன்றையும் நான் கண்டுபிடிக்கவில்லை. ஒரே ஆள் இந்த நாற்காலியிலிருந்து எழுந்து அந்த நாற்காலியில் உட்கார முடிந்தது என்பதே போதும். சண்டைக்கும் வளர்ச்சிக்கும் நடுவே இருந்த தூரம் அவ்வளவுதான்.

1980ல் துணைப் பிரதமராக இருந்த புன்சூ ரோஜனசத்தியன் மாகாண ஆளுநர்களிடம், சுற்றுலாவை வளர்க்க வேண்டும், அதற்காக உங்களில் சிலருக்கு அருவருப்பாகவும் கூச்சமாகவும் தோன்றக்கூடிய கேளிக்கைகளையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்கிற பொருளில் கேட்டுக்கொண்டார். வேலைவாய்ப்பை யோசித்துப் பாருங்கள் என்பது வாதம். அவர் வங்கித் தொழிலிலிருந்து அரசியலுக்கு வந்தவர். 1982ல் சுற்றுலா வருமானம் அரிசி ஏற்றுமதியைத் தாண்டியது. 1960ல் எண்பதாயிரம் பேர் வந்துபோன நாட்டுக்கு 1987ல், அரசே 'தாய்லாந்துக்கு வாருங்கள்' ஆண்டு என்று அறிவித்தபோது, சுமார் 35 லட்சம் பேர் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் அதற்காகவே வந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அரசு விற்பனைக்கு வைத்த பிம்பத்தில் கடற்கரையும் கோயிலும் அந்தப் பெண்ணின் புன்னகையும் பிரிக்க முடியாதபடி சேர்ந்தே இருந்தன. கூச்சப்படாதீர்கள் என்று ஆளுநர்களுக்குச் சொன்ன அரசு, 1993ல் அகராதியைப் பார்த்ததும் கூச்சப்பட்டது.

4

அரிசியைச் சுற்றுலா தாண்டியது என்றேன். இது வெறும் புள்ளிவிவரம் அல்ல. அரிசியின் கதையும் இந்தப் பெண்களின் கதையும் ஒன்றுதான்.

1950களின் நடுவிலிருந்து 1986 வரை தாய்லாந்து அரசு அரிசி ஏற்றுமதியின்மேல் ஒரு தனி வரி போட்டு வந்தது. ஏற்றுமதி செய்கிறவன் அந்த வரியை விவசாயியின் தலையில் கட்டினான். உள்நாட்டில் அரிசி விலை அடங்கிக் கிடந்தது. பாங்காக்கின் தொழிற்சாலைக் கூலியும் அதனால் அடங்கிக் கிடந்தது. நகரம் வளர்ந்தது. வடகிழக்கே இசான் பகுதியில், வானம் பார்த்த பூமியில், ஒருபோகம் விளைவித்துக்கொண்டிருந்தவர்கள் அந்த வளர்ச்சிக்கு விலை கொடுத்தார்கள். பட்டாயா மதுக்கூடங்களில் இசான் பேச்சுமொழி ஏன் கேட்கிறது என்பதற்கு இனக்குணம், பண்பாடு என்றெல்லாம் விளக்கம் தேடவேண்டியதில்லை. நெல் விலையைப் பார்த்தால் போதும்.

வடக்கு மாகாணங்களில் 'தோக் கியாவ்' என்று ஒரு வழக்கு இருந்தது. பயிர் பச்சையாக நிற்கும்போதே வியாபாரி வந்து முன்பணம் கொடுத்துவிட்டுப் போவான், அறுவடையானதும் நெல் அவனுக்கு. நம்ம ஊர் விவசாயிக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, வயித்துப்பாட்டுக்காகக் களத்து நெல்லை முன்கூட்டியே அடகு வெச்சவன்தான் அவனும். பிறகு இதே சொல் பெண்பிள்ளைகளுக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புப் படித்துக்கொண்டிருக்கும்போதே தரகர் வந்து பெற்றோரிடம் முன்பணம் கொடுப்பார். படிப்பு முடிந்ததும் பிள்ளை அவரோடு கிளம்பும். சொல்லை மாற்றாமல் பொருளை மாற்றிக்கொண்டதில் ஒரு குரூரமான நேர்மை இருக்கிறது. அரசாங்கத்தின் 'கேளிக்கை', 'சேவை' போல இது எதையும் மூடி மறைக்கவில்லை. நெல் எதுவோ அதுவே பெண்.

முன்பணம் கடனாகும். அதன்மேல் வட்டி. சாப்பாடு, துணி, அறை வாடகை, போலீசுக்குக் கொடுத்தது எல்லாம் கணக்கில் ஏறும். கணக்கு நோட்டு முதலாளியிடம். எத்தனை ஆண்கள் வந்துபோனால் கடன் தீரும் என்பது அவளுக்குத் தெரியாது. 1984 ஜனவரியில் புக்கெட்டில் ஒரு விடுதி தீப்பிடித்து எரிந்தபோது, வெளியே வரமுடியாதபடி அடைத்துவைக்கப்பட்டிருந்த ஐந்து பெண்கள் கருகிச் செத்தார்கள். கேளிக்கை என்ற சொல்லுக்கு அகராதி எழுதுகிறவர்கள் அந்த அறையின் கதவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாப் பெண்களும் பூட்டிவைக்கப்பட்டவர்கள் அல்ல என்பதும் உண்மை. பசுக் பொங்பைச்சித் என்கிற பொருளாதார அறிஞர் பாங்காக் மசாஜ் நிலையங்களில் வேலை செய்த ஐம்பது பெண்களிடம் பேசி எழுதிய ஆய்வை 1982ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்டது. அவர் கண்டது, குடும்பத்தை உதறிவிட்டு ஓடிவந்த பெண்களை அல்ல. குடும்பத்தைத் தாங்கிக்கொண்டிருந்த பெண்களை. அனுப்பிய பணத்தில் வீடு எழும்பியது, தம்பி படித்தான், கடன் அடைந்தது. 'புன் குன்' என்று தாய் மொழியில் சொல்கிறார்கள். புண்ணியம், குணம் என்கிற நமக்குத் தெரிந்த வேர்களிலிருந்து போன சொற்கள். பெற்றவர்களுக்குப் பட்ட நன்றிக்கடன் என்று வைத்துக்கொள்ளலாம். மகன் கொஞ்ச காலம் பிக்குவாகச் சீவரம் போட்டுக்கொண்டால் அவன் கடன் தீர்ந்தது. மகளுக்குத் துறவுப் பாதை அடைபட்டிருக்கிறது. அவள் பணமாகத்தான் தீர்க்க வேண்டும். மதம், குடும்பம், நெல் விலை, அமெரிக்க ராணுவம், உலக வங்கி - தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. அந்தப் பெண்ணின் உடம்பில் எல்லாம் ஒன்றாகச் சந்தித்துக்கொள்கின்றன.

அப்படியானால் சமூகத் தீமை எது? வேலை வேறு எதிலும் அந்த அளவு பணம் கிடைக்காதபடி ஒரு நாட்டின் கிராமப்புறத்தை வைத்திருந்தது முதல் தீமை. மகளின் உடம்பை வைத்துக் கடன் வாங்கலாம் என்கிற நிலையை ஊரின் நிதி ஏற்பாடாக ஆக்கியது இரண்டாவது. முப்பது வயதைத் தாண்டினால் இந்த வேலையும் இல்லை, வேறு வேலையும் தெரியாது என்று அவளை நிறுத்தியது மூன்றாவது. 1990களில் வடக்கு மாகாணப் பிள்ளைகள் கூடுதல் வருஷம் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் தரகர்கள் எல்லைதாண்டி பர்மாவின் ஷான் மலைகளுக்கும் லாவோசுக்கும் தென்சீனாவுக்கும் போனார்கள். பர்மியப் பெண்கள் இந்த விடுதிகளில் கடனடிமைகளாக இருப்பதை ஆசியா வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 1993ல் விரிவாகப் பதிவு செய்தது. ஒரு ஊர்ப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் திறந்தால் அதைவிட ஏழையான ஊரில் கதவு தட்டப்படுகிறது. தேவை குறையாத வரைக்கும் வேறென்ன நடக்கும்? தேவை என்பது பொருளாதாரச் சொல். அதன் உள்ளே ஒரு ஆண் இருக்கிறான்.

5

எய்ட்ஸ் வந்தபோது இந்த இலக்கணம் இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. 1989 ஜூனில் எடுத்த கணக்கெடுப்பில் சியாங் மாய் விடுதிப் பெண்களில் 44 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரியவந்தது. நாடு அதிர்ந்தது. உடனே 'நோயின் ஊற்று' அவர்கள்தான் என்று பேச்சு கிளம்பியது. 44 சதவீதம் பேருக்கு அதைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் யார் என்பது கேள்வியாகவே எழவில்லை. தொற்று அவளிடமிருந்துதான் தொடங்குகிறது, அவளுக்கு எங்கிருந்தும் வருவதில்லை என்பது போல ஒரு பேச்சு.

தாய்லாந்து அரசு அதன்பிறகு செய்ததை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. விடுதிகளில் ஆணுறை இல்லாமல் சேவை இல்லை என்கிற திட்டம் 1989ல் ராட்சபுரி மாகாணத்தில் தொடங்கி 1991ல் நாடு முழுக்கப் பரவியது. 14 சதவீதமாக இருந்த ஆணுறைப் பயன்பாடு சில வருஷங்களில் 90 சதவீதத்தைத் தாண்டியது. லட்சக்கணக்கான உயிர்கள் பிழைத்தன. ஒரு ஏழை நாடு இதைச் செய்து காட்டியது பெரிய விஷயம்தான். ஆனால் அது எப்படி வேலை செய்தது என்று பாருங்க. பால்வினை நோயோடு ஒரு ஆண் ஆஸ்பத்திரிக்கு வருவான். எந்த விடுதிக்குப் போனாய் என்று கேட்பார்கள். அவன் சொன்ன விடுதிமேல் நடவடிக்கை பாயும். ஆணுறை போட மறுத்தவன் அவன். தகவல் சொல்கிற சாட்சியும் அவனே. விசாரணை மட்டும் அவளுக்கு. 1908ன் பச்சை விளக்குச் சட்டத்தில் இருந்த அதே பார்வை, இந்தத் தடவை நல்ல பலனோடு. பலன் நல்லதாக இருப்பதால் பார்வை சரியாகிவிடாது. தொற்றைக் கணவனிடமிருந்து வாங்கிக்கொண்ட மனைவிமார்கள் பிற்பாடு நோயாளிகளாக வரிசையில் வந்து நின்றார்கள். அவர்கள் எந்த விடுதிக்கும் போனவர்கள் இல்லை.

6

இன்று இந்தப் பெண்களைப் பற்றிப் பேசுவதற்கு இரண்டு மொழிகள் தயாராக இருக்கின்றன. ஒன்று மீட்பின் மொழி. அவள் பலி, கடத்தப்பட்டவள், கதவை உடைத்துக் காப்பாற்ற வேண்டும். மற்றது தேர்வின் மொழி. அவள் உடல் அவள் உரிமை, அவள் தேர்ந்தெடுத்த தொழில், நாம் யார் கேட்பதற்கு.

மீட்பின் மொழியை அந்தப் பெண்களே கேள்வி கேட்டிருக்கிறார்கள். 1985ல் பட்பொங்கில் சந்தாவிபா அபிசுக் தொடங்கிய எம்பவர் என்கிற அமைப்பு, முதலில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதில்தான் ஆரம்பித்தது. வாடிக்கையாளனிடம் பேரம் பேசவும், ஏமாறாமல் இருக்கவும் மொழி வேண்டுமே. 2012ல் அவர்கள் வெளியிட்ட அறிக்கை மீட்பு நடவடிக்கைகளில் நடப்பதைச் சொன்னது: கதவை உடைத்து வருகிறவர்கள் பெண்களை அடைத்துவைக்கிறார்கள், சோதனை செய்கிறார்கள், நாடு கடத்துகிறார்கள். கடன் மட்டும் அப்படியே இருக்கிறது. மீட்கப்பட்டவள் திரும்பிப் போகிற ஊரில் நெல் விலை மாறவில்லை.

தேர்வின் மொழிக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. 'பாலியல் தொழிலாளி' என்ற சொல் தமிழுக்கு வந்தபோது நம்மில் பலர் நிம்மதியடைந்தோம். வேசி என்பதிலிருந்து விடுதலை. நானும் அந்தச் சொல்லை ஏற்கிறேன். ஆனால் தொழிலாளி என்ற சொல்லைத் தனியாக நிற்கவைக்க முடியாது. தொழிலாளி என்றால் முதலாளி வேண்டும், கூலி வேண்டும், வேலை நேரம் வேண்டும், நஷ்டஈடு வேண்டும். பட்டாயா மதுக்கூடத்தில் 'பார் ஃபைன்' என்று ஒன்று உண்டு. வாடிக்கையாளன் ஒரு பெண்ணை வெளியே அழைத்துப்போக வேண்டுமானால் கடைக்கு அபராதம் கட்டணும். காகிதத்தில் அவள் பரிமாறுகிறவள் அல்லது ஆடுகிறவள். நேரத்துக்கு முன்னால் வேலையை விட்டுப் போவதற்குத்தான் இந்த அபராதம். அதன்பிறகு நடப்பது கடைக்குத் தெரியாது, சட்டத்துக்குத் தெரியாது, சுற்றுலாத் துறைக்குத் தெரியாது. ஒரு சின்னத் தொகையில் எல்லோருடைய பொறுப்பும் கழிந்துபோகிறது. 2020ல் கொரோனாவால் எல்லைகள் மூடப்பட்டு மதுக்கூடங்கள் அடைக்கப்பட்டபோது இந்தத் தொழிலாளிகள் தொழிலாளிகளாக நிவாரணம் கேட்க முடியாமல் நின்றார்கள். 2021 ஜூனில் பாங்காக்கில் அரசு மாளிகை வாசலில் குதிகால் செருப்புகளையும் மேடை உடைகளையும் பரப்பிவைத்துப் போராடினார்கள். இத்தனை வருஷம் அந்நியச் செலாவணி ஈட்டிக் கொடுத்த செருப்புகள் அவை.

ஆக, அவளைப் பலி என்று சொன்னாலும் சரி, தேர்ந்தெடுத்தவள் என்று சொன்னாலும் சரி, எழுவாய் அவள்தான். அவள் ஏன் போனாள், அவளுக்கு விருப்பமா இல்லையா, அவளை என்ன செய்வது. எதிரெதிராகச் சண்டை போடுகிற இரண்டு மொழிகளும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. அவன் ஏன் போனான் என்ற கேள்வி இரண்டிலும் இல்லை.

7

அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. 1973 டிசம்பரில் தென்கொரியாவின் கிம்போ விமான நிலையத்தில் மாணவிகள் கூடிநின்று, கூட்டங்கூட்டமாக வந்திறங்கிய ஜப்பானிய ஆண்களை எதிர்த்துக் கோஷம் போட்டார்கள். தொடர்ந்து டோக்கியோவின் ஹனெடா விமான நிலையத்தில் ஜப்பானியப் பெண்கள், கிளம்பிப் போகிற தங்கள் நாட்டு ஆண்களுக்கு எதிராகத் திரண்டார்கள். 1981ல் ஜப்பானியப் பிரதமர் தென்கிழக்காசிய நாடுகளுக்குப் போனபோதும் போகிற இடங்களில் எதிர்ப்பு இருந்தது. அதில் முக்கியம் இடம். அவர்கள் சிவப்பு விளக்குத் தெருவில் போய் நிற்கவில்லை. விமான நிலையத்தில் போய் நின்றார்கள். வாங்குகிறவன் பெட்டியோடு, கடவுச்சீட்டோடு, தன் பெயரோடு வெளிப்படையாக நிற்கிற இடம் அது ஒன்றுதான்.

சட்டம் அதற்கப்புறம் மெதுவாக வந்தது. ஆசியச் சுற்றுலாவில் குழந்தைகள் விற்கப்படுவதற்கு எதிரான இயக்கம் 1990ல் தாய்லாந்திலிருந்து கிளம்பியது. 1994ல் ஆஸ்திரேலியா தன் குடிமகன் வெளிநாட்டில் குழந்தையிடம் இந்தக் குற்றத்தைச் செய்தால் சொந்த நாட்டிலேயே தண்டிக்கலாம் என்று சட்டம் செய்தது. 1996ல் தாய்லாந்தின் புதிய சட்டம் 18 வயதுக்குக் குறைந்தவர்களிடம் போகிற ஆணுக்குச் சிறை என்றது, மகளை விற்கிற பெற்றோருக்கும் தண்டனை என்றது. முதன்முறையாக வாங்குகிறவன் சட்டத்தின் வாக்கியத்துக்குள் வந்தான். நல்லது. ஆனால் பிறந்தநாள் ஒன்று கழிந்ததும் மறுபடி வெளியே போய்விடுகிறான். பதினேழு வயதில் அவன் குற்றவாளி, பதினெட்டில் அவன் சுற்றுலாப் பயணி.

இதுவரைக்கும் வாசித்த நண்பர் ஒருவர், வெள்ளைக்காரனும் ஜப்பான்காரனும் பண்ணின அக்கிரமம்தானே என்று மூன்றாம் உலகத்துக்காரன் என்ற தகுதியில் சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கலாம். காலனியம், பின்காலனியம் என்று நாம் கற்றுக்கொண்ட சட்டகம் அப்படி உட்கார இடம் தரும். அதனால் கடைசியாக இன்னொன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. தாய்லாந்து விடுதிகளின் வாடிக்கையாளர்களில் பெரும்பான்மையினர் எப்போதுமே தாய்லாந்து ஆண்கள்தான். சுற்றுலாப் பயணி அந்த வியாபாரத்தின் வெளிச்சமான பகுதி மட்டும். 2019ல் அந்த நாட்டுக்கு வந்த சுமார் நாலு கோடிப் பயணிகளில் இந்தியாவிலிருந்து போனவர்கள் ஏறக்குறைய இருபது லட்சம். தேனிலவுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். குடும்பத்தோடு கோயில் பார்க்கப் போனவர்களும் இருக்கிறார்கள். அதே சமயம் சிமெண்டு, பெயிண்டு, உரம் விற்கிற நிறுவனங்கள் இலக்கை எட்டிய முகவர்களுக்குப் பரிசாக அளிக்கிற 'பாங்காக் - பட்டாயா டூர்' என்ன என்பது நம் ஊர் கடைத்தெருவில் யாருக்கும் தெரியாததல்ல. போகிறவர்கள் ஆண்களாக, கூட்டமாகப் போகிறார்கள். திரும்பி வந்தவனிடம் 'என்னப்பா, எல்லாம் பாத்தியா?' என்று கேட்டு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. லாங்மன் அகராதியில் வந்ததைவிடச் சுருக்கமான, இன்னும் துல்லியமான அகராதி விளக்கம் அது.

உரம் விற்பனையில் இலக்கை எட்டிய முகவர், கடனில் உரம் வாங்கிய நம் விவசாயியிடமிருந்து வந்த லாபத்தில் போகிறார். அங்கே அவருக்கு எதிரில் வந்து உட்காருகிற பெண் இசானில் கடன்பட்ட இன்னொரு விவசாயியின் மகள். வெள்ளைக்காரன் இந்தக் காட்சியில் எங்கேயும் இல்லை. அவன் விட்டுப்போன நாற்காலியில் நம்மவர் உட்கார்ந்திருக்கிறார். அவரை என்ன பெயர் சொல்லி அழைப்பது? தலைவன் என்றா, மகிழ்நன் என்றா, வாலிபர் என்றா, பயணி என்றா?

புதுச்சொல் ஒன்றை உருவாக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. பெயர் வைக்காமல் எதுவும் தொடங்காது என்று மட்டும் நினைக்கிறேன். அடுத்த தடவை 'விபச்சாரத்தின் சமூகத் தீமைகள்' என்று கருத்தரங்கு நடத்துகிறவர்கள் தலைப்பில் ஒரு சின்னத் திருத்தம் செய்துகொள்ளட்டும்: வாங்குகிறவன் செய்கிற சமூகத் தீமைகள். அப்போது அரங்கில் யார் எழுந்து பேசுகிறார்கள், யார் டீ குடிக்க வெளியே போகிறார்கள் என்று பார்ப்போம்.